பிடிஎஃப் கோப்பில் குறுவை ஏன் அகப்படுவதில்லை?

தமிழில் வந்த வேளாண் அறிக்கை ஒன்றைப் பிடிஎஃப்பாகத் தரவிறக்கி, தேடல் பெட்டியில் 'சம்பா' என்று இட்டுப் பாருங்கள், கிடைக்கும். 'தாளடி'யும் கிடைக்கும். 'குறுவை' என்று இட்டால் மட்டும் பல கோப்புகளில் ஒன்றும் வராது. பக்கத்தின் தலைப்பிலேயே குறுவை சாகுபடி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கணினியோ அப்படி ஒரு சொல்லே இங்கு இல்லை என்று சாதிக்கும். ஆறுகளைத் தேடினாலும் இதே கதைதான். குடமுருட்டியும் அரசலாறும் அகப்படும். வெண்ணாறும் கொள்ளிடமும் காணாமல் போயிருக்கும். திருவாரூர் உண்டு, மயிலாடுதுறை இல்லை.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. காணாமற்போன சொற்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ ஐகாரக் குறியோ ஏதாவது ஓர் எழுத்துக்கு முன்னால் நிற்கும். அது ஏன் தேடலைக் கெடுக்கிறது என்று தெரிந்துவிட்டால், பிடிஎஃப் என்றால் என்ன, அதைத் திருத்துவது ஏன் இவ்வளவு பாடு, தமிழர்கள் கூடிச் செய்ய வேண்டிய கருவிகள் எவை என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பிடிஎஃப் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது

அடோபி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக் 1991-இல் முன்வைத்த யோசனை இது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1993-இல் பிடிஎஃப் வெளிவந்தது. 2008-இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. அதன் பிறகு அடோபி சொல்வதுதான் வேதம் என்ற நிலை போய்விட்டது. விதிகளைப் படித்து யார் வேண்டுமானாலும் பிடிஎஃப் கருவி எழுதலாம்.

தோற்றம் மாறக்கூடாது என்று கட்டிய வடிவம் தோற்றத்தைத்தான் சேமிக்கும். பத்தி, வாக்கியம், சொல் என்று பிடிஎஃப்புக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. 'இந்த எழுத்துருவிலிருந்து இந்த வடிவத்தை எடுத்து, பக்கத்தில் இந்த இடத்தில் வை' என்ற கட்டளைகளின் தொகுப்புதான் அது. ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர் 'கொள்முதல்' என்ற சொல்லைக் கோக்கும்போது முதலில் ஒற்றைக்கொம்பை எடுத்து வைப்பார், அடுத்து க, அதற்கடுத்து கால். பிடிஎஃப்பும் அதே வரிசையில்தான் வைக்கிறது. நாம் தட்டச்சு செய்யும் யூனிகோட் தமிழின் (உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொது முறை அது) வரிசை வேறு. அங்கே ஒலிக்கும் முறைப்படி முதலில் க வரும், பின்னால் ஒகரக் குறி வரும். பார்வைக்கு முன்னால் நிற்கும் கொம்பு, நினைவகத்தில் பின்னால் நிற்கிறது.

பிடிஎஃப்பிலிருந்து உரையை எடுக்கும் கருவி, பக்கத்தில் வடிவங்கள் நிற்கும் வரிசையை அப்படியே பெயர்த்துக் கொடுத்தால், வை என்ற எழுத்தின் ஐகாரக் குறி வகரத்தை விட்டு நழுவி முன்னால் உள்ள று மீது தொற்றிக்கொள்ளும். 'குறுவை' என்று தேடுபவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? சம்பாவில் முன்னால் நிற்கும் குறி எதுவும் இல்லை. அதனால் அது தப்பித்தது. இந்த நழுவலில் வேடிக்கைகளும் உண்டு. ஒரு கூட்டுறவுச் சங்க அறிக்கையைப் பிரதி எடுத்து ஒட்டினால் 'தலைவர்' எல்லோரும் 'தைலவர்' ஆகிவிடுவார்கள். பதவி போய் எண்ணெய் வியாபாரம்!

இதைத் தடுக்கத் தரத்திலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆக்சுவல் டெக்ஸ்ட் என்ற குறிப்பைச் சேர்த்து, 'இந்த வடிவங்களின் உண்மையான உரை இதுதான்' என்று கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கலாம். கோப்பை உருவாக்கிய மென்பொருள் அதைச் செய்திருந்தால் நமக்குத் தொல்லை இல்லை. செய்யாத கோப்புகள்தான் குவிந்து கிடக்கின்றன.

ஆகவே பிடிஎஃப்பைத் திருத்த உட்காருவதற்கு முன் அது எந்தச் சாதி என்று பார்க்க வேண்டும். சில கோப்புகளில் யூனிகோட் உரை இருக்கும், வரிசை மட்டும் குலைந்திருக்கும். சிலவற்றில் பழைய எழுத்துரு இருக்கும். சிலவற்றில் உரையே இருக்காது, வெறும் ஸ்கேன் படம். ஒரே கோப்பில் மூன்றும் கலந்திருப்பதும் உண்டு. அரசு ஆவணங்களில் அது சாதாரணம்.

ஏற்கெனவே இருப்பவை

கூட்டு முயற்சியில் உருவாகும் கருவி என்றால் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பிக் கொடுக்கலாம். பிடிஎஃப் உலகத்தில் இப்படிப்பட்டவை ஏராளம். பக்கங்களைப் பிரிக்க, சேர்க்க, கடவுச்சொல் போட கியூபிடிஎஃப் இருக்கிறது. உரையை வெளியே எடுக்க பாப்லர். அளவைச் சுருக்கவும் வடிவம் மாற்றவும் கோஸ்ட்ஸ்கிரிப்ட். இது 1988-லிருந்து இருக்கிறது, அதாவது பிடிஎஃப்பைவிட மூத்தது. பக்கங்களை இழுத்து வரிசை மாற்ற பிடிஎஃப் அரேஞ்சர். கையால் குறிப்பு எழுத ஸோர்னல்++. இவற்றில் பலவற்றின் வேலைகளை ஒரே திரையில், நம் கணினியிலேயே செய்ய ஸ்டெர்லிங் பிடிஎஃப்.

ஆர்வத்தோடு வரும் மாணவர்கள் முதலில் செய்ய நினைப்பது இன்னொரு பிடிஎஃப் இணைப்பானைத்தான். தயவுசெய்து வேண்டாம். அந்த வேலையை நன்றாகச் செய்யும் கருவிகள் போதுமான அளவுக்கு இருக்கின்றன. இல்லாதவை தமிழின் பக்கத்திலும், நம் ஊர் ஜெராக்ஸ் கடையின் பக்கத்திலும்தான்.

கொம்பைத் திருப்பி வைக்கும் கருவி

முதல் யோசனை மேலே சொன்ன நோய்க்கான மருந்து. கோப்பின் தோற்றத்தைத் தொடாமல், அதனுள் இருக்கும் உரையை மட்டும் சரியான வரிசைக்கு மாற்றி, ஆக்சுவல் டெக்ஸ்ட்டாக உள்ளே பதிக்கும் கருவி. அடிப்படை விதி எளியது. ெ, ே, ை என்ற குறிகளைக் கண்டால் அவற்றை அடுத்த மெய்யெழுத்துக்குப் பின்னால் நகர்த்து. அதன் பிறகு ஒரு கால் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒகரமாகவோ ஓகாரமாகவோ ஆக்கு.

விதி எளியதாக இருந்தாலும் ஔகாரம் காலை வாரிவிடும். 'கௌ' என்ற எழுத்தின் கடைசிப் பகுதி ளகரத்தைப் போலவே தோன்றுவதால் பல கோப்புகளில் ளகரத்தையே போட்டிருப்பார்கள். ஒற்றைக்கொம்பு, க, ள என்று வந்தால் அது 'கௌ'வா 'கெள'வா? விதியால் தீர்க்க முடியாது. சொற்பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொரு சிக்கல், ஒரே கோப்பில் சில பக்கங்கள் சரியான வரிசையிலும் சில பக்கங்கள் குலைந்தும் இருப்பது. நல்ல பக்கத்துக்கும் மருந்து கொடுத்தால் அதுவும் கெடும். ஒவ்வொரு பக்கத்திலும் 'சொல்லின் தொடக்கத்தில் தனியாகக் கொம்பு நிற்கிறதா' என்று முதலில் பார்த்துவிட்டுக் கை வைக்க வேண்டும். தமிழ்ச் சொல் எதுவும் வெறுங்கொம்பில் தொடங்காது என்பதால் இந்தச் சோதனை நன்றாகவே வேலை செய்யும்.

பழைய எழுத்துருக்கள் இதற்கு அண்ணன்மார். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அச்சிட்ட பக்கத்தைப் பிரதி எடுத்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த காலத்தின் மிச்சம் அது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக உட்கார வைத்தது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பொதுப் பட்டியல்களை, அறிவித்தது. 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 என்பதையும் ஏற்றது. இடையில் உருவான கோப்புகள் அப்படியே இருக்கின்றன. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்மொழி நூலகத்தில் இந்தக் குறியாக்கங்கள் பலவற்றுக்கு மாற்றிகள் உண்டு. பிடிஎஃப்பைத் திறந்து, உள்ளே பதிந்திருக்கும் எழுத்துருவின் பெயரைப் படித்து, அதற்குரிய மாற்றியைத் தானே தேர்ந்தெடுத்து இயக்கும் ஓர் இணைப்பை எழுதினால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

ஜெராக்ஸ் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால், கருவிக்கான யோசனைகள் தாமாக வந்து விழும். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும். விண்ணப்பிக்கும் இணையதளம் கேட்கும் அளவுக்குள் சுருக்க வேண்டும். பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கிறது. அவசரத்தில் கடைக்காரர் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஓர் இலவசச் சுருக்கியில் கோப்பை ஏற்றுகிறார். அந்தக் குடும்பத்தின் நில விவரமும் ஆதார் எண்ணும் முன்பின் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போய்விடுகின்றன. இந்த இடத்துக்கு வேண்டியது இணையம் இல்லாமலே இயங்கும், தமிழில் பொத்தான்கள் கொண்ட, ஒரே வேலையைச் செய்யும் சிறு கருவி: 'இத்தனை கேபிக்குள் வேண்டும்' என்று சொன்னால் அதற்குள் அடக்கித் தருவது.

சுருக்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2480, உயரத்தில் 3508, மொத்தம் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள். வண்ணமாக வைத்தால் ஒரு புள்ளிக்கு 3 பைட். சுருக்காத நிலையில் பக்கத்துக்கு 26 எம்பி. வெறும் கறுப்பு வெள்ளையாக வைத்தால் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பிட், 1.1 எம்பிக்குள் அடங்கும், அதையும் மேலும் சுருக்கலாம். அடங்கலுக்கு வண்ணம் எதற்கு? பச்சை மையில் இட்ட கையொப்பமும் முத்திரையும் மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தப் பகுதியை வண்ணத்திலும் மற்றதைக் கறுப்பு வெள்ளையிலும் வைக்கும் கருவி உண்மையில் பயன்படும்.

ஆனால் சுருக்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனர்கள் சில, எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகளும் 14.13 சதுர மீட்டர் என்றே வந்தன. ஒரே மாதிரி தெரியும் வடிவங்களுக்கு ஒரே படத்தைப் பயன்படுத்தி இடத்தை மிச்சம் பிடிக்கும் ஜேபிக் 2 என்ற சுருக்கமுறைதான் காரணம். 6-ம் 8-ம் அதற்கு ஒன்றாகத் தெரிந்தன. சர்வே எண் 186, 188 ஆகிவிட்டால் அடுத்தவர் வயலுக்கு நாம் காப்பீடு கட்டிக்கொண்டிருப்போம். நில ஆவணத்துக்கான எந்தக் கருவியும் இந்த முறையின் இழப்புள்ள (அசலை அப்படியே திருப்பித் தராத) வடிவத்தைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. அளவு கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

ஆதார் எண்ணை மறைப்பதிலும் இதே அளவு கவனம் வேண்டும். பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி நான்கை மட்டும் விட்டு மற்றவற்றின் மேல் கறுப்புப் பெட்டி ஒன்றை வரைந்துவிட்டு மறைத்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். உரை உள்ள கோப்பாக இருந்தால் பெட்டிக்குக் கீழே எண் அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்துப் பிரதி எடுத்தால் வந்துவிடும். போதாததற்கு, பிடிஎஃப்பில் மாற்றங்களைக் கோப்பின் கடைசியில் ஒட்டவைத்துச் சேமிக்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் சேமித்த கோப்பில் பழைய பதிப்பு முழுவதும் உள்ளேயே கிடக்கும். இப்படி அரைகுறையாக மறைத்த இடங்களைக் கண்டுபிடிக்க ஃப்ரீ லா புராஜெக்ட் என்ற அமைப்பு எக்ஸ்-ரே என்றொரு கருவியைத் திறந்த நிரலாக வெளியிட்டிருக்கிறது. அதன் மேல் ஒரு தமிழ்த் திரை வைத்து, 'நீங்கள் மறைத்ததாக நினைக்கும் எண் இன்னும் தெரிகிறது' என்று காட்டினாலே கடைக்காரருக்கு விளங்கிவிடும்.

இதனோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இ-சேவை வழியாக வரும் பல சான்றிதழ்களில் மின்கையொப்பம் இருக்கும். அந்தக் கோப்பைச் சுருக்கினாலோ பக்கம் பிரித்தாலோ கையொப்பம் செல்லாததாகிவிடும். எந்தத் திருத்தக் கருவியும் வேலையைத் தொடங்குமுன் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும்.

ஸ்கேன் செய்த பக்கங்கள்

கோணலாகவும் மங்கலாகவும் எடுத்த பக்கங்களை நேராக்கிச் சுத்தம் செய்ய ஸ்கேன் டெய்லர் இருக்கிறது. படத்திலிருந்து எழுத்தை அறிய டெசராக்ட்; 1980-களில் எச்பி நிறுவனத்தில் பிறந்து 2005-இல் திறந்த நிரலானது, தமிழும் படிக்கும். அறிந்த உரையைப் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அடுக்காகப் பதித்து, ஸ்கேன் பிடிஎஃப்பையும் தேடக்கூடியதாக்குவது ஓசிஆர்மைபிடிஎஃப். தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் பிழை திருத்துவதும் இந்த வகை வேலையின் தொடர்ச்சிதான்.

தமிழில் இயந்திரம் வழுக்கும் இடங்கள் ஓரளவு தெரிந்தவை. ரகரமும் துணைக்காலும் ஒன்றாகத் தெரியும். மங்கிய அச்சில் புள்ளி மறைந்துவிடும். சொற்பட்டியல் இருந்தால் இவற்றில் கணிசமானதைத் தானாகத் திருத்தலாம். ஆனால் பொது அகராதியில் நம் ஊர்ச் சொற்கள் இருக்காது. தூயமல்லி, கருங்குறுவை, மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா போன்ற நெல் ரகங்கள், கிளை வாய்க்கால்களின் பெயர்கள், மடை, மதகு, கலிங்கு, நடவு ஆள் என்று வயலில் புழங்கும் சொற்கள் இவற்றை யாராவது தொகுத்துக் கொடுத்தால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய வெளியீடுகளைப் படிக்கும் கருவிக்குக்கூட அது கைகொடுக்கும். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் நான்கு மாலைகளில் தருவதைக் கணினிப் பட்டதாரியால் நான்கு மாதங்களில் தர முடியாது.

அட்டவணைகளைப் பற்றி நீட்ட வேண்டாம். பிடிஎஃப்பில் கோடுகள் வேறு, எண்கள் வேறு. அவற்றை வரிசையும் பத்தியுமாகப் பிரித்தெடுக்க டபுலா இருக்கிறது. பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர்கள் தங்கள் தேவைக்காக எழுதியது அது. கொள்முதல் நிலையப் பட்டியல்களை இதில் போட்டுப் பாருங்கள். எண்கள் நன்றாக வரும், ஊர்ப்பெயர்கள் மேலே சொன்ன கொம்புத் தொல்லையோடு வரும்.

பழைய கணக்கு ஓலையும் பத்திரமும்

இதுவரை யாரும் ஒழுங்காகத் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். டெல்டாவின் பழைய நிலப் பத்திரங்களிலும் கோயில் கணக்குகளிலும் நிலம் ஏக்கரில் இல்லை. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். எழுதியிருப்பதும் 1, 2, 3 இல்லை. தமிழ் எண்கள், அவற்றோடு காணி, முந்திரி என்று பின்னங்கள், வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று குறிகள். இந்தக் கடைசி வகைக் குறிகள் யூனிகோடில் முன்பே இருந்தன. 2019-இல் வந்த 12.0 பதிப்பில் தமிழுக்கு மேலும் 51 வடிவங்கள் சேர்ந்தன. முந்திரி போன்ற பின்னங்கள், உழக்கு, குறுணி, பதக்கு என்ற முகத்தல் அளவுகள், குழி, வேலி, நன்செய், புன்செய், நெல் ஆகியவற்றுக்கான சுருக்கக் குறிகள் எல்லாம் அதில் அடக்கம்.

அவற்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. படிக்கும் கருவிதான் வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படுவது மாதிரிகள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தில் இந்தக் குறிகள் வரும் வரிகளை மட்டும், ஆள் பெயரும் சர்வே எண்ணும் படாமல் வெட்டி, 300 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே அது என்ன என்று இன்றைய எழுத்தில் தட்டச்சு செய்து வைக்க வேண்டும். படம் ஒரு கோப்பு, அதே பெயரில் உரை ஒரு கோப்பு. டெசராக்டைப் பயிற்றுவிப்பவர்கள் கேட்பது இந்த வடிவத்தைத்தான். சேர்த்து வைத்ததைப் பொதுவில் விடும்போது சிசி0 என்ற உரிமத்தைப் போட்டுவிட்டால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். குறி ஒன்று என்னவென்று தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். அந்த வரியை 'தெரியவில்லை' என்று குறித்துத் தனியாக வையுங்கள். தவறாக எழுதிய வரி இயந்திரத்துக்குத் தவறாகவே கற்றுக்கொடுக்கும்.